செம்பிற் களிம்பு: திறந்தவெளிச் சிலைகளைக் காக்கும் அறிவியல் – ஒரு நோக்கு

முன்னுரை

கல்லும் செம்பும் வெண்கலமும் அழியாப் பொருள்கள் என்று எண்ணுவது மக்கள் இயல்பு. மறைந்த ஒருவரை நெடுங்காலம் நினைவிற்கொள்ள விரும்பியவர்கள் கல் நட்டதும் சிலை எடுத்ததும் அந்த எண்ணத்தின் விளைவே ஆகும். தொல்காப்பியர் புறத்திணையியலில் நடுகல்லைப் பற்றிக் கூறுமிடத்து, தக்க கல்லைக் காண்பதில் தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளை வகுத்துக் காட்டுகிறார். நட்ட கல்லை வெயிலும் மழையும் காற்றும் பின்னாளில் என்ன செய்யும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருளன்று. அவ்வினாவிற்கு விடை தேடும் துறை அண்மைக்காலத்தில் வளர்ந்துள்ளது. திறந்தவெளிக் கலைப்பொருள்களைப் பாதுகாக்கும் அறிவியல் என்று அதனைக் கூறலாம்.

அருங்காட்சியகத்தில் உள்ள பொருளுக்குக் கூரை உண்டு. அங்கே ஒளியை அளவோடு விடலாம்; காற்றின் ஈரத்தைக் குறைக்கலாம்; கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டலாம். நாற்சந்தியிலும் கடற்கரையிலும் நிற்கும் சிலைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பகலில் வெப்பத்தால் விரிந்தும் இரவில் குளிரால் சுருங்கியும், கடற்காற்றின் உப்பையும் தொழிற்சாலைப் புகையின் கந்தகத்தையும் பறவைகளின் எச்சத்தையும் தாங்கியும் அது நிற்கவேண்டியுள்ளது. எல்லாருக்கும் உரியதாக இருப்பதால், எல்லாருடைய கைகளும் அதன்மேல் படுகின்றன.

இத்தகைய பொருளைக் காப்பவன் ஒரு வகையில் மருத்துவன் ஆவான். ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோய் இன்னதென அறிதல், அதன் காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பின்னர் உடலுக்குப் பொருந்துமாறு செய்தல் என ஒரு முறையை வகுத்துள்ளார். அம்முறை சிலைகளுக்கும் எவ்வாறு பொருந்துகிறது என்பதை ஒரு புகழ்பெற்ற சிலையின் வரலாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நியூயார்க் துறைமுகத்துச் சிலை

நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்க நாட்டின் நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலை. பிரெஞ்சு மக்கள் அமெரிக்க மக்களுக்கு அளித்த அன்பளிப்பு அது. உருவத்தைப் படைத்தவர் பார்த்தோல்டி என்னும் சிற்பி. அதனைத் தாங்கும் இரும்புக் கட்டமைப்பை வகுத்தவர், பின்னாளில் பாரிசு நகரத்துக் கோபுரத்தால் பெரும்புகழ் எய்திய கஸ்டவ் ஈஃபெல். 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் சிலை திறந்துவைக்கப்பட்டது.

பாதம் முதல் தீவட்டியின் உச்சி வரை 151 அடி உயரமுள்ள அவ்வுருவம் வார்ப்புச் சிலை அன்று. செப்புத் தகடுகளைத் தட்டி வடிவெடுத்து, ஒன்றோடொன்று பொருத்திச் செய்யப்பட்டது. தகட்டின் கனம் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் மட்டுமே. இவ்வளவு மெல்லிய தகடு தானே நிற்காது. எனவே சிலையின் உட்புறத்தில் நான்கு பெரிய இரும்புத் தூண்களும், அவற்றிலிருந்து கிளைக்கும் சட்டங்களும், அச்சட்டங்களிலிருந்து தகட்டை ஒட்டி வளைந்து செல்லும் இரும்புப் பட்டைகளும் அமைக்கப்பட்டன. உடலில் தோலும் எலும்பும் போலச் செம்பும் இரும்பும் அங்கே இயைந்துள்ளன.

இரும்புப் பட்டைகளைச் செப்புத் தகட்டோடு நேராக இணைக்கவில்லை. சேணம் போன்ற வளைந்த செப்புத் துண்டுகள் இரும்புப் பட்டையின் மேல் கவிந்து, இருபுறமும் தகட்டோடு ரிவெட் ஆணிகளால் இணைக்கப்பட்டன. பட்டை அந்தச் சேணத்திற்குள் சற்றே நகர இடம் இருந்தது. வெயிலில் தகடு விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் இழுபட்டுக் கிழியாமல் இருத்தற்பொருட்டு ஈஃபெல் செய்த ஏற்பாடு அது.

களிம்பு நோயா?

திறந்துவைத்த நாளில் சிலை செம்பின் இயல்பான நிறத்தில் ஒளிர்ந்தது. பிறகு கருமை கலந்த பழுப்பாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பசுமை படர்ந்தது. அதனைக் கண்ட அதிகாரிகள் கவலையுற்றனர். 1906-ஆம் ஆண்டில் சிலைக்கு உள்ளும் புறமும் வண்ணம் பூசுவதற்கெனப் பணமும் ஒதுக்கப்பட்டது. அச்செய்தி பரவியதும் பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதனால் வெளிப்புறம் தப்பியது. உட்புறத்திற்கு மட்டும் பூச்சு இடப்பட்டது.

நம் இல்லங்களில் செப்புப் பாத்திரம் பச்சைபூத்தால் அதனைக் களிம்பு என்கிறோம்; புளியிட்டுத் தேய்த்துப் போக்குகிறோம். சைவ சித்தாந்த நூலார் உயிரைப் பற்றியுள்ள மலத்திற்குச் செம்பிற் களிம்பையே உவமையாகக் கூறுவர். களிம்பு நீக்கத்தக்க மாசு என்னும் கருத்து நம் மரபில் ஆழமாக வேரூன்றியது. உண்ணும் பாத்திரத்தைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரியே. களிம்பு உணவில் கலப்பின் கேடு விளையும்.

திறந்தவெளிச் சிலையின் நிலை வேறு. செம்பு முதலில் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடிப் பழுப்பு நிறமான ஆக்சைடு ஆகிறது. பின்னர் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களும் ஈரமும் சேர, புரோக்கண்டைட் எனப்படும் பச்சை நிறமுள்ள செப்புச் சல்பேட்டு உருவாகிறது. இப்பொருள் நீரில் எளிதிற் கரைவதில்லை. அடியிலுள்ள செம்போடு இறுகப் பற்றிக்கொள்கிறது. அவ்வாறு பற்றியபின் காற்றும் நீரும் உட்புகுவது குறைகிறது. செம்பு அழியும் வேகமும் குறைகிறது.

நூறாண்டு நிறைவை ஒட்டித் தகட்டின் கனத்தை அளந்தவர்கள் கண்ட உண்மை இதனை உறுதிப்படுத்தியது. கடற்காற்றிலும் பெருநகரப் புகையிலும் நின்ற அத்தகட்டில் நூறாண்டில் தேய்ந்தது ஏறத்தாழ 5 விழுக்காடே. ஆண்டுதோறும் அதனைப் புளியோ வேறு அமிலமோ இட்டுத் துலக்கியிருந்தால், ஒவ்வொரு முறையும் களிம்போடு செம்பும் கரைந்து போயிருக்கும். புதிய செம்பு மறுபடியும் களிம்பேறியிருக்கும். பளபளப்பை விரும்பியவர்கள் சிலையையே தேய்த்து முடித்திருப்பர்.

எல்லாக் களிம்பும் நன்மையே செய்யும் என்று இதனால் முடிவு செய்துவிடலாகாது. அமில மழை மிகுந்த இடங்களில் புரோக்கண்டைட் சிறிது சிறிதாக ஆன்ட்லரைட் என்னும் வேறொரு சல்பேட்டாக மாறக்கூடும். அது மழைநீரில் கரைந்து கழுவப்படும். கடலோரத்து வெண்கலத்தில் குளோரைடு உப்பு உட்புகுந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே பொடியாகிக்கொண்டிருக்கும். பச்சை என்னும் நிறம் ஒன்றாயினும் அதன் உட்பொருள் வேறாக இருக்கலாம். கண்ணால் கண்ட அளவில் முடிவு செய்யாமல், சிறிதளவு சுரண்டி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தறிதல் இன்றியமையாதது. நியூயார்க்கில் அவ்வாறு ஆராய்ந்த பின்னரே வெளிப்புறக் களிம்பை நீக்காமல் விட்டுவிடுவதென முடிவு செய்தனர்.

நோயின் மூலம்

வெளியே தெரிந்த பசுமை காவலாக இருக்க, நோய் வெளியே தெரியாத இடத்தில் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பொறியாளர்களும் அமெரிக்கப் பொறியாளர்களும் சிலைக்குள் சென்று ஆராய்ந்தபோது, இரும்புப் பட்டைகள் துருவேறிப் பருத்தும், சேணங்கள் வளைந்தும், ரிவெட் ஆணிகள் பிடுங்கப்பட்டுத் தகட்டில் துளைகள் விழுந்தும் இருக்கக் கண்டனர்.

இதன் காரணம் பள்ளி மாணவரும் அறிந்த ஒன்றுதான். இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, அவற்றினிடையே உப்பு கலந்த நீரும் இருந்தால், அங்கே ஒரு மின்கலம் உருவாகிறது. டார்ச் விளக்கிற்கு இடும் பாட்டரியில் நிகழ்வதும் இத்தகைய செயலே. இரும்பும் செம்பும் சேர்ந்தவிடத்து அழிவது இரும்பு, செம்பு காக்கப்படும். தனியே நின்றால் துருப்பிடிக்கும் வேகத்தைவிடச் செம்போடு சேர்ந்த இரும்பு மிக விரைவாக அழியும். நியூயார்க் துறைமுகத்தில் உப்பு நீருக்குக் குறைவில்லை.

ஈஃபெல் இதனை அறியாதவர் அல்லர். இரும்பும் செம்பும் தொடாதிருக்கும்பொருட்டு, அரக்குக் கரைசலில் தோய்த்த கல்நார்த் துணியை அவற்றிடையே வைத்திருந்தார். அக்காலத்தில் கிடைத்த பொருள்களுள் அது தக்கதே. ஆண்டுகள் செல்லச்செல்ல அரக்கு உதிர்ந்தது, கல்நார் நைந்தது, எஞ்சிய நார் கசிந்துவந்த நீரை உறிஞ்சித் தேக்கிவைத்தது. பிரித்துவைக்க வேண்டிய பொருளே ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருளாயிற்று.

துருவுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. இரும்பு துருவானால் அது பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பருத்த பட்டை சேணத்திற்குள் நகர முடியாமல் இறுகியது. சேணத்தை நெம்பித் தள்ளியது. தகடு விரிந்து சுருங்க ஈஃபெல் விட்டுவைத்த இடைவெளி அடைபட்டது.

துருவின் இவ்வாற்றல் செப்புச் சிலைக்கு மட்டும் கேடு செய்வதன்று. கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரத்து அக்ரோபொலிசுக் குன்றில் பளிங்குக்கும் அதே கேடு நேர்ந்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பார்த்தெனான் கோயிலைக் கட்டிய தச்சர்கள் பளிங்குக் கற்களை இரும்புக் கவ்விகளால் இணைத்து, அக்கவ்விகளைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினர். ஈயம் நீரைத் தடுத்தது. 1898-ஆம் ஆண்டிற்குப் பின் அங்கே சீரமைப்புப் பணிகளை நடத்திய பலானோசு என்னும் பொறியாளர் இரும்பை மிகுதியாகப் பயன்படுத்தினார்; பழந்தச்சரின் ஈயக்காப்பு அதற்கு இல்லை. சில பத்தாண்டுகளில் அவ்விரும்பு துருவேறிப் பருத்துப் பளிங்கைப் பிளந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கவ்வி காத்த கல்லை, இருபதாம் நூற்றாண்டின் கவ்வி உடைத்தது. இன்று அவற்றை அகற்றி டைட்டேனியம் என்னும் உலோகத்தால் ஆன கவ்விகளைப் பொருத்தி வருகின்றனர்.

தணிக்கும் வழி

நோய்மூலம் தெளிவானபின் தணிக்கும் வழியும் தெளிவாயிற்று. 1984-ஆம் ஆண்டில் சுதந்திர தேவி சிலையைச் சுற்றிச் சாரம் கட்டப்பட்டது. அழிந்துகொண்டிருந்த இரும்புப் பட்டைகளை நீக்கி, நாம் எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடிக்காத எஃகினால் ஆன பட்டைகளைப் பொருத்த முடிவு செய்தனர். கல்நாருக்கு மாறாக, நீரை உறிஞ்சாத டெஃப்லான் படலத்தை இடையே வைத்தனர்.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இப்பணி செய்வதற்கு அரிது. சிலையின் ஆடை மடிப்புகளைத் தொடர்ந்து வளைந்து செல்வதால் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பட்டைகளுள் ஒன்றன் வடிவம் மற்றொன்றற்கு இல்லை. ஒரு பட்டையைக் கழற்றி, அதனைப் பார்த்து அதே வளைவில் எஃகுப் பட்டை செய்து, மீண்டும் அதே இடத்தில் பொருத்தவேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றினால் தகடு தன் எடையால் தொய்ந்துவிடும். எனவே ஒரு சமயத்தில் சிலவற்றை மட்டும், அவையும் ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களிலிருந்து கழற்றி மாற்றினர். ஈஃபெல் அமைத்த நடுத்தூண்களும் பெருஞ்சட்டங்களும் நல்ல நிலையில் இருந்தமையால் அவற்றைத் தூய்மை செய்து நிறுத்திக்கொண்டனர். 1986-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சிலை மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

மருந்தே நோயாதல்

சிலையின் கேட்டிற்கு வெயிலும் மழையும் மட்டும் காரணமல்ல. நன்மை கருதி மனிதர் செய்தவையும் காரணமாயின. இவ்வறிவியலின் வரலாற்றில் நாம் பெரிதும் கருத்திற்கொள்ள வேண்டிய பகுதி இது.

தேவியின் கையிலுள்ள தீவட்டியை எடுத்துக்கொள்வோம். அது போதிய ஒளி தரவில்லை என்று கருதி, 1916-ஆம் ஆண்டில் அதன் செப்புச் சுடரில் பல துளைகளை வெட்டிக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தனர். அதனைச் செய்தவர் போர்க்லம் என்னும் பெயர்பெற்ற சிற்பி. ஒளி கிடைத்தது. ஆனால் கண்ணாடியின் விளிம்புகள் வழியே மழைநீர் ஒழுகத் தொடங்கியது. எழுபது ஆண்டுகள் ஒழுகியபின், தீவட்டி பழுதுபார்க்க இயலாத நிலையை அடைந்தது. அதனை இறக்கிவிட்டு, பார்த்தோல்டியின் முதல் வடிவத்தைப் பின்பற்றிப் புதிய தீவட்டி செய்து, அதன் சுடருக்குப் பொற்றகடு வேய்ந்தனர்.

உட்புறத்தில் காலந்தோறும் பூசிய வண்ணங்களும் தாரும் தகட்டை மூடியிருந்தன, பழுதுகளையும் மறைத்திருந்தன. அவற்றை எவ்வாறு நீக்குவது? மணலைப் பீய்ச்சினால் மெல்லிய தகடு தேயும். கடுங்குளிரான திரவ நைட்ரஜனைத் தெளித்தபோது வண்ணப் பூச்சுகள் உறைந்து உதிர்ந்தன. அடியிலிருந்த தார் மட்டும் உதிரவில்லை. அதற்கு ஏற்ற மென்பொடியைத் தேடியவர்கள் கண்டது, நம் வீட்டில் ஆப்ப சோடா என்று வழங்கும் சோடியம் பைகார்பனேட்டை. அதனைப் பீய்ச்சியதும் தார் நீங்கியது, செம்பு தேயவில்லை. ஆயினும் அப்பொடி தகடுகளின் இணைப்பிடைவெளி வழியே வெளியே கசிந்து, நூறாண்டுக் களிம்பைச் சில இடங்களில் நீலமாக மாற்றத் தொடங்கியது. உடனே கண்டறிந்து வெளிப்புறத்தை நீரால் கழுவிக்கொண்டே பணியைத் தொடர்ந்தனர்.

இவற்றால் இத்துறையினர் ஒரு நெறியை வற்புறுத்துகின்றனர். இன்று நாம் செய்வதை நாளை ஒருவர் தீங்கின்றி நீக்கத்தக்கவாறு செய்யவேண்டும் என்பது அந்நெறி. நகரத்து வெண்கலச் சிலைகளுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு இடுவதன் காரணம் இதுவே. மெழுகு ஓராண்டில் தேய்ந்துவிடும், மறுபடியும் இடவேண்டும். அது குறைபாடு போலத் தோன்றும். ஆயினும் தேவையற்றபோது அதனைச் சிலைக்குக் கேடின்றி அகற்றிவிடலாம். சிமெண்டையோ கடினமான வண்ணத்தையோ அவ்வாறு அகற்ற இயலாது.

எதனைக் காப்பது?

பழுதுபார்த்தலுக்கும் பாதுகாத்தலுக்கும் இடையே நுண்ணிய வேறுபாடு உண்டு. பழுதுபார்ப்பவன் பொருள் பயன்பட்டால் போதும் என்பான். பாதுகாப்பவனோ, படைத்தவனின் கையும் கடந்துவந்த காலமும் அப்பொருளில் புலனாகவேண்டும் என்பான். 1964-ஆம் ஆண்டில் உருவான வெனிசுச் சாசனம் இக்கருத்தை உலகிற்கு எடுத்துரைத்தது. ஊகம் தொடங்குமிடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்பதும், புதிதாகச் சேர்த்த பகுதி பழையதனோடு இயைந்திருப்பினும் புதியதென அறியத்தக்கதாக இருக்கவேண்டும் என்பதும் அதன் கொள்கைகள்.

கொள்கையை வகுப்பது எளிது. சிலையின்முன் நின்று முடிவெடுப்பது அரிது. தேவியின் வலத் தோளிலுள்ள இரும்பமைப்பு, ஈஃபெல் வகுத்த அமைப்பினின்றும் சற்று விலகிப் பொருத்தப்பட்டிருந்தது, அதனால் வலுக்குறைந்திருந்தது. ஈஃபெல் எண்ணியவாறு அதனைத் திருத்திக் கட்டுவதா, அன்றி இருந்தவாறே வலுவூட்டுவதா என்னும் வினா எழுந்தது. நூறாண்டு நின்ற அமைப்பை மாற்றாமல் வலுவூட்டுவதே தக்கதென முடிவு செய்தனர். கட்டியவர்களின் பிழையும் சிலையின் வரலாற்றுள் அடங்கியதாயிற்று. தீவட்டியைப் பொறுத்தவரையிலோ போர்க்லம் செய்த மாற்றம் கைவிடப்பட்டது. அதுவும் எழுபதாண்டு வரலாறு உடையதே அன்றோ? எனினும் அந்த மாற்றம் சிலைக்குள் நீரை விட்டது. நோயைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள இயலாது. பழைய தீவட்டியை அழித்துவிடாமல் காட்சிக்கு வைத்தனர். 2019-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அது இன்று இடம்பெற்றுள்ளது.

இதனினும் கடினமான முடிவை ஏதென்சு நகரத்தார் எடுத்தனர். எரெக்தியோன் கோயிலின் முகப்பைத் தலையில் தாங்கி நிற்கும் பெண்ணுருவத் தூண்களின் பளிங்கு முகங்களை நகரப் புகை தின்றுகொண்டிருந்தது. 1979-ஆம் ஆண்டில், அங்கிருந்த ஐந்து உருவங்களையும் இறக்கி அருங்காட்சியகத்தில் சேர்த்து, அவற்றின் இடத்தில் படிகளை நிறுத்தினர். ஆறாவது உருவம் அதற்கு முன்பே எல்ஜின் பிரபுவால் கொண்டுசெல்லப்பட்டு இலண்டனில் உள்ளது. இன்று குன்றின்மேல் காண்பவர் காண்பது படியை. வெயிலில் நின்று வானத்தைப் பின்னணியாகக் கொண்டு காணவேண்டிய உருவம் கூரையின் கீழ் நிற்கிறது. இழந்தது சிறிதன்று. ஆனால் இறக்காதிருந்தால் முகங்களையே இழந்திருப்பர்.

நியூயார்க்கில் சிலை தன் இடத்தில் நின்றது, உட்பொருள் மாறியது. ஏதென்சில் பொருள் எஞ்சியது, இடம் மாறியது. இரண்டும் ஒரே அறிவியலின் முடிவுகளே. எந்த நோய், எவ்வளவு விரைவு, தணிக்க வழி உண்டா என்னும் மூன்று வினாக்களுக்குக் கிடைத்த விடைகள் வேறாயின. ஆதலின் முடிவும் வேறாயிற்று.

முடிவுரை

நம் ஊர்களின் நாற்சந்திகளிலும் சிலைகள் பல நிற்கின்றன. விழாநாள் நெருங்கியதும் அவற்றைத் தேய்த்துக் கழுவிப் பளபளக்கும் வண்ணத்தைப் பூசும் வழக்கத்தைப் பல இடங்களில் காண்கிறோம். பூச்சின்மேல் பூச்சு ஏற, சிற்பி உளியால் காட்டிய கண்ணிமையும் விரல் நகமும் மங்கிப்போகின்றன. அன்பினால் செய்யும் அச்செயலை நாம் குறைகூறவில்லை. சிலைக்கு அன்பு செலுத்த வேறு வழியும் உண்டு என்பதையே கூறுகிறோம்.

மாணவர்கள் தத்தம் ஊரிலுள்ள ஒரு சிலையைத் தேர்ந்துகொண்டு, அதனைத் தொடாமல் நான்கு செய்திகளைக் குறித்துவைக்கலாம். அது எப்பொருளால் ஆனது? மழைநீர் அதன்மேல் எவ்வழியே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது? இரும்பு எங்கேனும் வெளிப்பட்டுச் செந்நிறக் கறை வடிகிறதா? முன்பு யாரேனும் பூசியதும் அடைத்ததும் எவை? இவற்றை நாளிட்டு எழுதி, ஒரே இடத்தில் நின்று ஆண்டுக்கு ஒருமுறை நிழற்படமும் எடுத்துவைத்தால், பின்னர் வரும் வல்லுநருக்கு அக்குறிப்பேடு பேருதவியாகும். நியூயார்க்கிலும் சாரம் கட்டுவதற்கு முன்பே அளந்து, வரைந்து, எழுதிவைக்கும் பணி தொடங்கிவிட்டது.

1906-ஆம் ஆண்டில் வண்ணம் பூசவேண்டா என்று குரலெழுப்பிய நியூயார்க் மக்களுள் பெரும்பாலோர் வேதியியல் அறிந்திருக்க மாட்டார்கள். சிலை தங்களுடையது என்னும் எண்ணம் அவர்களிடம் இருந்தது. அவர்கள் தடுத்து நிறுத்தியமையால்தான், எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த அறிஞர்கள் ஆராய்வதற்கு அக்களிம்பு அங்கே இருந்தது. திறந்தவெளியில் நிற்கும் கலைச்செல்வத்திற்கு மக்களின் அத்தகைய அக்கறையே முதற்காவல் என்பது நம் துணிபு.